ட்வெண்டி வரைக்கும் சொல்லுது, நாலு மீன எண்ணத் தெரியல: எண்ணுற படப் புத்தகம் வாங்க, படிக்க, வீட்லயே பண்ண

எங்கக்கா பொண்ணுக்கு மூணரை வயசு. வீட்டுக்கு யார் வந்தாலும் நடு ஹால்ல நிக்க வெச்சு ஒன் டூ த்ரீ சொல்லச் சொல்லுவாங்க, அதுவும் மூச்சு விடாம ட்வெண்டி வரைக்கும் சொல்லிட்டு கைதட்டு வாங்கிக்கினு ஓடிரும். ஒரு ஞாயித்துக்கெழம காசிமேட்லேர்ந்து சங்கரா வாங்கினு வந்தேன், நாலே நாலு மீனு, தட்டுல போட்டு அக்கா கழுவ எடுத்துனு போறா, நான் சும்மா இல்லாம "பாப்பா, எத்தன மீனு இருக்கு எண்ணு பாப்போம்"னேன். வெரல் ஒரு பக்கம் ஓடுது, வாய் ஒரு பக்கம் ஓடுது, ஏழுல வந்து நின்னுச்சு. "அப்ப மொத்தம் எத்தன?"ன்னா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது, இந்த தடவ ஆறு. அக்காவுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "இன்னாடா இது, ஸ்கூல்ல இன்னாதான் சொல்லிக் குடுக்குறாங்க"ன்னா.

ஸ்கூல் மேல தப்பே இல்ல, பாப்பா மேலயும் இல்ல. நம்பர் சொல்றது வேற, எண்றது வேற. சொல்றது பாட்டு மாதிரி, மனப்பாடம். எண்றதுக்கு வெரலும் வாயும் ஒண்ணா போவணும், கடைசியா சொன்ன நம்பர்தான் "மொத்தம் எத்தன"ன்னு மண்டைல ஏறணும். இந்த ரெண்டாவது வேலைக்குத்தான் எண்ணுற படப் புத்தகம். நான் தண்டையார்பேட்டைல சின்னதா டிடிபி, ஜெராக்ஸ் கட வெச்சிருக்கேன், நெறய பேரு வந்து "1லேர்ந்து 100 வரைக்கும் சார்ட் ஒண்ணு அடிச்சு லேமினேட் பண்ணிக் குடுங்க"ன்றாங்க, அடிச்சும் குடுக்குறேன், ஆனா மூணு வயசுக்கு அது செவுத்துக்கு அழகு, அவ்ளோதான். மீன் மேட்டருக்கு அப்பறம் நானே கொஞ்சம் படிச்சு, கொஞ்சம் புத்தகம் வாங்கி, கடைசில நானே ஒண்ணு பண்ணி, அதுல நாலஞ்சு தப்பும் பண்ணி கத்துக்கினது இது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்.

மொதல்ல, கொழந்த எங்க நிக்குதுன்னு பாருங்க

புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேல. ஒரு கிண்ணத்துல பத்து பதினஞ்சு புளியங்கொட்ட போட்டு கொழந்த முன்னாடி வெச்சு "மாமாவுக்கு ஒரு கொட்ட குடு" அப்பறம் "ரெண்டு குடு", "மூணு குடு"ன்னு கேளுங்க. (கொட்டைய வாய்ல போடுற வயசுன்னா பெரிய பொருளா வைங்க, ஸ்பூன், துணி கிளிப் ஓகே, பாட்டில் மூடி வேணாம். பக்கத்துலயே இருங்க.) இருபது வரைக்கும் பாடுற கொழந்தகூட "மூணு குடு"ன்னா ஒரு கை அள்ளிக் குடுக்கும், ஆச்சரியப்படாதீங்க. கேரன் வின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990ல இந்த மாதிரி கேட்டுப் பாத்துதான் எழுதுனாங்க: பிள்ளைங்க மொதல்ல "ஒண்ணு" மட்டும் சரியா குடுக்கும், கொஞ்ச மாசம் கழிச்சு ரெண்டு, இன்னும் கொஞ்ச மாசம் கழிச்சு மூணு, அதுக்கப்பறம் திடீர்னு ஒரு நாள் எண்றதோட சூட்சுமம் புரிஞ்சு எத்தன கேட்டாலும் எண்ணிக் குடுக்கும். அந்த மாசக்கணக்கு கொழந்தைக்கு கொழந்த மாறும். நம்ம பாப்பா அன்னிக்கு ரெண்டு சரியா குடுத்துச்சு, மூணுக்கு அள்ளுச்சு. அப்ப அதுக்கு தேவ மூணும் நாலும் நல்லா இருக்குற புத்தகம், நூறு வரைக்கும் போற புத்தகம் இல்ல.

இன்னொரு விஷயம். 1978லயே கெல்மன், கேலிஸ்டல்னு ரெண்டு உளவியல்காரங்க எண்றதுக்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சு வெச்சாங்க. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லுதான், சொல்லோட வரிச மாறக்கூடாது, கடைசி சொல்லுதான் மொத்தம், எத வேணா எண்ணலாம், எந்தப் பக்கத்துலேர்ந்து வேணா எண்ணலாம். பெரியவங்க நமக்கு இது அஞ்சும் ஒரே வேலையா தெரியுது, கொழந்தைக்கு அஞ்சும் தனித்தனியா கத்துக்க வேண்டியிருக்கு. புத்தகம் பாக்கும்போது இத மனசுல வெச்சுக்கினா போதும்.

வாங்கும்போது

மொத வேல, கடைல நின்னுக்கினே நீங்க எண்ணிப் பாருங்க. சிரிக்காதீங்க. ஒரு சீப்பான புத்தகத்துல 7னு பெருசா போட்டு எட்டு பலூன் இருந்துச்சு, வீட்டுக்கு வந்து அஞ்சாவது தடவ படிக்கும்போதுதான் கண்டுபிடிச்சேன், அது வரைக்கும் பாப்பா சரியா எட்டுன்னு எண்ண, நான்தான் "தப்பு, ஏழு"ன்னு சொல்லிக்கினு இருந்திருக்கேன்.

அப்பறம் படம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கான்னு பாருங்க. யானைக்குப் பின்னாடி இன்னொரு யானையோட வால் மட்டும் தெரியுற படம் பாக்க அழகா இருக்கும், ஆனா எண்ண ஆரம்பிக்கிற கொழந்த அத யானையா எடுத்துக்கணுமா வேணாமான்னு கொழம்பும். அதே மாதிரி மூணு மீன எண்ணச் சொல்லிட்டு பின்னாடி நண்டு, சங்கு, பாசி, குமிழின்னு ரொப்பி வெச்சிருந்தா மொத புத்தகத்துக்கு வேணாம். நாலு வயசுக்கு மேல அதுவே நல்ல விளையாட்டு, "நண்டு எத்தன, சங்கு எத்தன"ன்னு ஒரு பக்கத்துலயே பத்து நிமிஷம் ஓட்டலாம்.

கதையோட வர்ற எண்ணுற புத்தகம் நல்லது, கொழந்த மறுபடி மறுபடி கேக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான். எரிக் கார்ல்னு ஒருத்தர் 1969ல போட்ட "தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்"ன்ற பசி புழு புத்தகம் உலகம் பூரா ஓடுனதுக்கு ஒரு காரணம் என்னன்னா பழத்துல நெஜமாவே ஓட்ட இருக்கும், திங்கக்கெழம ஒரு ஆப்பிள், செவ்வாக்கெழம ரெண்டு பேரிக்கான்னு வெரல ஓட்டைல விட்டு விட்டுப் போவலாம். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லுன்னு யாரும் பாடம் எடுக்க வேணாம், ஓட்டையே எடுத்துரும்.

தமிழ்ல வேணும்னா நம்ம மெட்ராஸ்லயே தூலிகா (1996லேர்ந்து), தாரா (1994லேர்ந்து)ன்னு ரெண்டு பதிப்பகம் இருக்காங்க, தூலிகா தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் ஒரே பக்கத்துல வர்ற புத்தகமும் போடுறாங்க, பாட்டிக்கு ஒண்ணு அம்மாவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேரும் படிக்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் புத்தகம்லாம் வெல கம்மி. ஜனவரில நந்தனத்துல புக் ஃபேர் போட்டா அங்க எல்லாத்தையும் ஒரே எடத்துல பொரட்டிப் பாத்து வாங்கலாம். காசே இல்லாம வேணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட் இருக்கு, 2015லேர்ந்து ஓடுது, தமிழ்ல லெவல் 1 போட்டுத் தேடுனா சின்னப் பசங்க புத்தகம் வரும், பிடிஎஃப் எறக்கி பிரிண்ட் எடுக்க அவங்களே அனுமதி குடுத்திருக்காங்க. யார் எழுதுனது யார் வரஞ்சதுன்னு இருக்குற பக்கத்த மட்டும் வெட்டாதீங்க. பழசு வாங்குறவங்க சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் போவலாம், 1985ல பழைய மார்க்கெட் எரிஞ்சு போனப்பறம் கடைங்க பக்கத்து காம்ப்ளெக்ஸுக்கு வந்துச்சு. அங்க வாங்குனா ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் பக்கம் இருக்கான்னு பாத்துக்கோங்க, நான் வாங்கினு வந்ததுல ஆறு இல்ல, அஞ்சுக்கு அப்பறம் நேரா ஏழு.

ரெண்டு வயசுக்குக் கீழன்னா கெட்டி அட்ட புத்தகம் மட்டும். கடிக்கும், நக்கும், பிரியும். முனை வட்டமா வெட்டி இருக்கணும்.

படிக்கும்போது

உக்காருங்க, மடில வெச்சுக்கோங்க, போன தள்ளி வைங்க. கொழந்தையோட வெரல உங்க கைல புடிச்சுக்கினு ஒவ்வொரு மீன் மேலயும் வெச்சு, வெரல் தொட்டப்பறம்தான் நம்பர் சொல்லணும். ஒண்ணு... ரெண்டு... மூணு. ரொம்ப மெதுவா. முடிச்சதும் வெரலால படத்த சுத்தி ஒரு வட்டம் போட்டு "மூணு. மூணு மீனு"ன்னு சொல்லுங்க. இந்த வட்டம்தான் முக்கியம், இதத்தான் பாதி பேரு விட்டுர்றாங்க. எண்ணிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டா கொழந்தைக்கு அது இன்னொரு பாட்டு, அவ்ளோதான்.

தப்பா எண்ணுனா "தப்பு"ன்னு சொல்லாதீங்க, "வா, ரெண்டு பேரும் சேந்து எண்ணலாம்"னு மறுபடி வெரல புடிங்க. நல்லா வர்ற அன்னிக்கு, வலப்பக்கத்துலேர்ந்து எண்ணுங்க. "அட, இந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுனாலும் மூணுதான் வருது!"ன்னு நீங்க ஆச்சரியப்படணும், நடிப்பு கொஞ்சம் தேவ.

பொட்டு வெக்கிற விளையாட்டு ஒண்ணு சொல்றேன், இதத்தான் எங்க வீட்ல ரொம்ப ஓட்டுனோம். ஃபேன்ஸி ஸ்டோர்ல விக்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்ட ஒண்ணு வாங்குங்க. படத்துல இருக்குற ஒவ்வொரு மீனுக்கும் நெத்தில ஒரு பொட்டு. கொழந்த பொட்ட அட்டைலேர்ந்து பேத்து எடுக்கவே நேரம் ஆவும், வாய் வேகமா ஓட முடியாது, வெரலுக்காக காத்துக்கினு நிக்கும். ஏற்கெனவே பொட்டு வெச்ச மீனுக்கு மறுபடி வெக்கப் போனா அதுவே "இதுக்கு வெச்சாச்சு"ன்னு சொல்லும். புத்தகத்து மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட போட்டு அதுமேல ஒட்டுனா அடுத்த நாளும் வெளாடலாம். எங்கக்காதான் "என் பொட்டெல்லாம் மீனுக்கே போச்சு"ன்னு சண்ட.

தமிழ்லயா இங்கிலீஷ்லயான்னு கேப்பாங்க. எதுல வேணா எண்ணலாம், ஒரு தடவ எண்ணும்போது நடுவுல மாத்தாதீங்க, ஒண்ணு ரெண்டு த்ரீ ஃபோர்னு போனா வரிச ஒடஞ்சிரும். பத்துக்கு மேல போகும்போது தமிழ் கைகுடுக்கும், பதினொண்ணு, பதிமூணு, பதினாலுன்னு சொல்லுக்குள்ளயே பத்தும் இருக்கு மீதியும் இருக்கு, லெவன் ட்வெல்வுல அது கேக்காது. எங்க ஆயா மரக்கால்ல அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லாது, "லாபம், ரெண்டு, மூணு"ன்னுதான் ஆரம்பிக்கும். பாப்பா இத ஒருநாள் கேட்டுட்டு ஒரு வாரம் "லாபம் மீனு, ரெண்டு மீனு"ன்னு சுத்துச்சு. விட்டுட்டோம், வரிச மாறலயே.

நாமே பண்றது

வாங்குற புத்தகத்துல ஸ்ட்ராபெரி, பெங்குவின்னு இருக்கும். எங்க தெருவுல இருக்குறது தண்ணி லாரியும் கன்டெய்னரும். அத வெச்சுத்தான் நான் பண்ணேன். ஒரு படகு, ரெண்டு தண்ணி லாரி, மூணு ஆட்டோ, நாலு சங்கரா, அஞ்சு கல்லு (அஞ்சாங்கல் ஆட்டத்துக்கு), ஆறு குடம், ஏழு காக்கா, எட்டு கன்டெய்னர், ஒம்போது கேரம் காயின், பத்து எறா. கேரம்ல ஒயிட்டு ஒம்போது, பிளாக்கு ஒம்போது, ரெட்டு ஒண்ணு, அதனால அந்தப் பக்கத்துக்கு வரையக்கூட வேணாம், ஒயிட்டு ஒம்போதையும் அடுக்கி போன்ல போட்டோ புடிச்சாச்சு.

ஒரு சாதாரண கணக்கு: ஏ4 தாள் ஒண்ண பாதியா மடிச்சா நாலு பக்கம். ஆறு தாள் மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகுனா 24 பக்கம். மொத பக்கம் அட்ட. 2, 3ம் பக்கம் சேந்து "ஒண்ணு", 4, 5ம் பக்கம் "ரெண்டு", இப்பிடியே போனா 20, 21ல "பத்து" வந்துரும். 22, 23 மிச்சம், 24 பின் அட்ட. மொதல்ல ரஃப் தாள்ல இப்பிடி மடிச்சு பென்சில்ல பக்க நம்பர் போட்டு டம்மி ஒண்ணு பண்ணிக்கோங்க, டம்மி இல்லாம நேரா பிரிண்ட் எடுத்தீங்கன்னா அஞ்சுக்குப் பின்னாடி எட்டு வந்து நிக்கும். கம்ப்யூட்டர்ல பண்றவங்க பிடிஎஃப் ஆக்கிட்டு பிரிண்ட்ல புக்லெட்னு குடுத்தா அதுவே பக்கத்த மாத்தி அடுக்கிரும், ரெண்டு பக்கமும் அடிக்கும்போது ஷார்ட் எட்ஜ்ல (தாளோட சின்ன ஓரத்துல) திருப்பணும், இல்லன்னா ஒரு பக்கம் தலைகீழா வரும். கடைக்கு எடுத்துனு வரும்போது பிடிஎஃப்பா எடுத்துனு வாங்க சாமி, பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் எங்க சிஸ்டத்துல தொறந்தா கோழி கிறுக்குனா மாதிரி இருக்கும்.

இப்ப நான் பண்ண தப்புங்க.

நாலு சங்கராவுல ஒண்ண அழகா இருக்கட்டும்னு நடு மடிப்பு மேல வரஞ்சேன். 8ம் பக்கம் ஒரு தாள், 9ம் பக்கம் வேற தாள், மடிச்சு செருகுனப்பறம் மீனோட தல ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் ரெண்டு மில்லிமீட்டர் ஏறி எறங்கி நின்னுச்சு. பாப்பா அத ரெண்டா எண்ணி மொத்தம் அஞ்சுன்னுச்சு. எனக்கு கோவம், ஆனா அதுக்கு ஞாயம் இருக்கு. சின்னப் பசங்களுக்கு தனியா தெரியுற ஒவ்வொண்ணும் ஒண்ணு, பிஸ்கட்ட ரெண்டா ஒடச்சுக் குடுத்து எத்தன பிஸ்கட்னு கேட்டுப் பாருங்க, ரெண்டுன்னு சொல்லும், சந்தோஷமாவும் வாங்கிக்கும். அதனால மடிப்பு மேல எதையும் போடாதீங்க. 12, 13 மட்டும்தான் ஒரே தாளு, நடுப்பக்கம், அதுல நம்ம கணக்குப்படி ஆறு வரும், அங்க வேணா தைரியமா வரையலாம்.

ஆனா அந்த நடுப்பக்கத்துலதான் பின்னு வரும். ரெண்டு பின்னு பளபளன்னு தெரியுது. ஆறு குடம், ரெண்டு பின்னு, மொத்தம் எட்டுன்னுச்சு. அதுக்கப்பறம் பின்ன எடுத்துட்டு கோணி ஊசில மூணு ஓட்ட போட்டு வெள்ள நூல்ல தெச்சேன். கைல குத்தாது, எண்ணவும் முடியாது. சாதா ஸ்டாப்ளர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது, பின்னுதான் வேணும்னா லாங் ஸ்டாப்ளர் இருக்குற கடைக்குப் போங்க, மேல துணி டேப் ஒட்டிருங்க.

பேப்பர். மொதல்ல சாதா 80 ஜிஎஸ்எம்ல எடுத்தேன் (ஜிஎஸ்எம்னா பேப்பரோட கனத்துக்கு அளவு, நம்பர் ஏற ஏற கெட்டி), பின் பக்கத்து காக்கா இந்தப் பக்கம் நெழல் மாதிரி தெரிஞ்சுது, அதையும் வெரல் வெச்சு கேட்டுச்சு. 130 ஜிஎஸ்எம் கிட்ட போங்க. அதுக்கு மேல கெட்டியா போனா ஆறு தாளு சேந்து மடியாது, விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கும். கையால வரையறவங்க ஸ்கெட்ச் பென் வேணாம், ஊறும், கிரேயான் நல்லது.

படத்த அடுக்குறதுல: அஞ்சு வரைக்கும் ஒரே வரிசைல இடைவெளி விட்டு. ஆறுலேர்ந்து மேல ஒரு வரிச அஞ்சு, கீழ மீதி, அப்ப எட்டு கன்டெய்னர்னா அஞ்சும் மூணும், ஒரு கையும் மூணு வெரலுமா காட்டலாம். வட்டமா அடுக்குறது கடைசிலதான், எங்க ஆரம்பிச்சோம்னு தெரியாம சுத்திக்கினே இருக்கும். நண்டு காலு எண்றதும் அப்பிடித்தான், ரெண்டு கொடுக்கையும் சேத்தா பத்து காலு, கேக்க நல்லா இருக்கும், ஆனா ஒரே பொருளோட பாகத்த எண்றது தனித்தனி பொருள எண்றத விட கஷ்டம், மொத புத்தகத்துல வேணாம்.

எழுத்து. "ஒண்ணு படகு"ன்னு யாரும் பேசறதில்ல, அங்க "ஒரு படகு"ன்னு எழுதிட்டு, பக்கத்துல நம்பர் 1ம் "ஒண்ணு"ன்ற சொல்லும் தனியா போடுங்க, ஏன்னா எண்ணும்போது அது ஒண்ணுன்னுதான் சொல்லும். ரெண்டுலேர்ந்து இந்த பிரச்சன இல்ல. மனுசங்கள எண்ண வெக்காதீங்க, ஒருத்தர், ரெண்டு பேருன்னு சொல்லு மாறும். ஐந்துன்னு போடுறதா அஞ்சுன்னு போடுறதான்னு வீட்ல பெரிய பட்டிமன்றமே நடந்துச்சு, மாமியார் கட்சி ஐந்து. நான் வாய்ல வர்றதத்தான் போட்டேன். ஸ்கூலுக்குப் போனா ஐந்து தானா வரும்.

மிச்சம் இருந்த 22, 23ம் பக்கத்துக்கு ஜீரோ வெக்கலாம்னு தோணுச்சு. ஜப்பான்காரரு மித்சுமாசா அனோ 1975ல போட்ட எண்ணுற புத்தகம் ஒண்ணுமே இல்லாத வெள்ளப் பனி பூமிலதான் ஆரம்பிக்கும், அதான் ஜீரோ. நமக்கு பனிக்கு எங்க போறது, நான் காலி மீன் கூடைய வரஞ்சு "ஒண்ணும் இல்ல"ன்னு எழுதுனேன். பக்கம் வெறிச்சுனு இருக்கேன்னு கூட பக்கத்துல ஒரு பூனையும் போட்டேன். பாப்பா வெரல பூன மேல வெச்சு "ஒண்ணு"ன்னுச்சு, சுத்தி வட்டமும் போட்டுச்சு.

அடுத்த காப்பில பூனைய எடுத்துட்டேன். அன்னிக்கு நைட்டு "பூன எங்க, பூன எங்க"ன்னு ஒரே அழுக. இப்ப பூன பின் அட்டைல இருக்கு.